நாசில் மேல் விழும் பழி

ஒரு பருவத்தில் சித்தப்பாவின் டிராக்டர் ஆயில் குடிப்பதை நிறுத்திக்கொண்டது. பழைய எஞ்சின். ஐம்பது மணி நேரம் ஓடினால் அரை லிட்டர் ஊற்றியாக வேண்டும். ஆயக்காரன்புலத்தில் புழுதி உழவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஆவணி மாதத்தில் அவர் சொன்னார்: "இந்த வருஷம் ஆயிலே இறங்கல தம்பி. எஞ்சின் நல்லா செட் ஆயிருச்சு." இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி விரலகலம் ஏறி நின்றது. பட்டறையில் அதை மோந்து பார்த்தவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "நாசில்." மூன்று நாசிலும் மாறின. நான்காம் நாள் ஆயில் மறுபடியும் ஏறியது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தகட்டூர், கரியாப்பட்டினம், தலைஞாயிறு எங்கே கேட்டாலும் ஆயிலில் டீசல் கலந்தால் முதல் பழி நாசில் மேல்தான். அந்தப் பழிக்கு என்ன சான்று இருக்கிறது? கையில் உள்ள சோதனைகளில் எது உண்மையில் குற்றவாளியைப் பிரித்துக் காட்டுகிறது, எது சந்தேகத்தை மட்டும் எழுப்புகிறது? இதைத் தனித்தனியாக எடைபோட வேண்டியிருக்கிறது. அவசரத் தீர்ப்புக்கு உழவர் கொடுக்கும் விலை சில ஆயிரம் ரூபாயோடு நிற்பதில்லை. டீசல் கலந்து நீர்த்த ஆயிலோடு இன்னும் பத்து நாள் ஓட்டினால் ஷெல் பேரிங் போய்விடும். ஆயில் மட்டம் மிக அதிகமானால் எஞ்சின் ப்ரீதர் வழியாகத் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகமெடுத்து ஓடும் ஆபத்தும் உண்டு.

முதல் சாட்சி டிப்ஸ்டிக். மட்டம் ஏறினால் ஏதோ உள்ளே வருகிறது என்பது உறுதி. ஆனால் வருவது டீசல்தானா? ரேடியேட்டர் தண்ணீராக இருக்கலாம். அப்போது ஆயில் மோர் போல வெளுக்கும். சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டால் படபடவென்று வெடிக்கும். டீசல் அப்படி வெடிக்காது. பலரும் மறந்துபோகும் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. பல டிராக்டர்களில் ஹைட்ராலிக் பம்ப் எஞ்சினின் டைமிங் கியரோடு சேர்த்து மாட்டப்பட்டிருக்கும். அதன் ஷாஃப்ட் சீல் போனால் ஹைட்ராலிக் ஆயில் எஞ்சினுக்குள் இறங்கும். அப்போதும் டிப்ஸ்டிக் ஏறும், ஆனால் ஆயில் நீர்க்காது. அந்தப் பக்கத்து மட்டம் குறைகிறதா என்று பார்க்காமல் பம்ப், நாசில் என்று பேச ஆரம்பிப்பதே தவறு.

டிப்ஸ்டிக்கிடம் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சித்தப்பாவை ஏமாற்றியதும் அதுதான். பழைய எஞ்சின் எரித்துத் தீர்க்கும் ஆயிலும் உள்ளே கசியும் டீசலும் சம அளவாக இருந்தால் மட்டம் அசையாமல் நிற்கும். எனவே மட்டம் ஏறுவதை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. வழக்கமாக இறங்குவது இறங்காமல் நின்றாலே சந்தேகம் தொடங்க வேண்டும். எத்தனை மணிக்கு எவ்வளவு ஊற்றினோம் என்று டிராக்டர் ஷெட் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்திருந்தால்கூட அது டிப்ஸ்டிக்கைவிட நல்ல சாட்சி.

மூக்கை நம்ப நான் தயாராக இல்லை. டீசல் எஞ்சினில் ஓடிய எந்த ஆயிலிலும் கொஞ்சம் டீசல் வாடை இருக்கும். நாள் முழுக்க டீசலோடு புழங்கும் மூக்கு அளவைச் சொல்ல முடியாது. ஆயில் பிரஷர் மீட்டரும் அப்படித்தான். நீர்த்த ஆயிலில் பிரஷர் குறையும், தேய்ந்த பேரிங்கிலும் குறையும்.

சொட்டுச் சோதனைக்கு இன்னும் மதிப்பு உண்டு. வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, காற்றுப் படாத இடத்தில் சில மணி நேரம் கிடைமட்டமாக வைக்க வேண்டும். நடுவில் கரிக் கருமை, அதைச் சுற்றிச் சாம்பல் வட்டம், வெளியே டீசல் இருந்தால் எண்ணெய்ப் பளபளப்போடு ஒளி ஊடுருவும் வெளிர் வளையம். வெயிலில் தூக்கிப் பிடித்தால் அந்த வளையம் தெளிவாகத் தெரியும். ஆனால் எவ்வளவு டீசல் என்று தாள் சொல்லாது. அதைச் சொல்ல வைக்க ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை என்பதே என் குறை. அதே ரக ஆயில் ஓடும் நல்ல எஞ்சினிலிருந்து கொஞ்சம் பழைய ஆயில் எடுத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து 95 மில்லிக்கு 5 மில்லி டீசல் கலந்து, 98க்கு 2 என்றும் கலந்து, கலக்காத ஒன்றையும் சந்தேகப்படும் ஆயிலையும் சேர்த்து, நான்கு சொட்டுகளையும் ஒரே தாளில் விட வேண்டும். ஒப்பிட ஆள் நிற்கும்போதுதான் அடையாளம் காட்ட முடியும்.

அதே சிரிஞ்சில் நீர்மையையும் பார்க்கலாம். பத்து மில்லி நிரப்பி, தானாக வடிய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவது. எல்லா மாதிரியும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஒரு மணி நேரம் ஒன்றாக வைத்திருந்து செய்ய வேண்டும். நாம் ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயிலின் பாகுநிலை 100 டிகிரியில் குறைந்தது 12.5 சென்டிஸ்டோக்ஸ் இருக்க வேண்டும். டீசலுக்கோ 40 டிகிரியிலேயே 2 முதல் 4.5 வரைதான். அதனால் கொஞ்சம் கலந்தாலும் வடியும் நேரம் குறைவது கைக்கடிகாரத்தில் தெரியும். இந்தச் சோதனைக்கும் ஒரு பொறி இருக்கிறது. கரி சேர்ந்தால் ஆயில் தடிக்கும், டீசல் சேர்ந்தால் நீர்க்கும். நாசில் சரியாகத் தெளிக்காமல் கரியும் டீசலும் ஒன்றாக இறங்கும் எஞ்சினில் இரண்டும் ஒன்றையொன்று மறைத்து, ஆயில் ஆரோக்கியமாக இருப்பது போலக் காட்டும். வேகமாக வடிந்தால் டீசல் இருக்கிறது என்று நம்பலாம். சரியாக வடிந்தால் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆய்வகம் இந்தப் பொறியைத் தாண்டும். வாயு நிறப்பகுப்பு முறையில் டீசலின் விழுக்காட்டையே அளக்கிறார்கள். அதற்கான ஏ.எஸ்.டி.எம் டி3524 முறை வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ளது. தீப்பற்று நிலை எவ்வளவு கீழே வந்திருக்கிறது என்றும் பார்ப்பார்கள். 2 விழுக்காடு தாண்டினால் கவனி, 5 தாண்டினால் ஆயிலைக் கொட்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அறிக்கையில் சோடியம் கூடினால் கூலன்ட் கசிவு என்று எழுதிவிடுவார்கள். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் லோடு ஏற்றும் வண்டிக்கும், ஆறுகாட்டுத்துறையில் கடற்காற்றில் நிற்கும் எஞ்சினுக்கும் சோடியம் காற்று வழியாகவே வரலாம். கடலுப்பில் சோடியத்தோடு ஒப்பிட்டால் பொட்டாசியம் மிகக் குறைவு. அதனால் கிளைக்கால், பொட்டாசியம் இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே கூலன்ட் மேல் பழி சொல்ல வேண்டும்.

இவை எல்லாம் "டீசல் இருக்கிறதா" என்பதற்கான சாட்சிகள். "எங்கிருந்து" என்பதற்கு இவற்றில் ஒன்றும் பதில் சொல்லவில்லை. நாசில் தீர்ப்பு சறுக்குவது இந்த இடத்தில்தான்.

நாசில் சொட்டினால் டீசல் எரியாமல் லைனர் சுவரை நனைத்து, ரிங் வழியாகச் சம்ப்புக்கு இறங்கும். இது நடக்கக்கூடியதே. ஆனால் கணக்கைப் பாருங்கள். சித்தப்பாவின் டிராக்டருக்கு ரோட்டாவேட்டரில் மணிக்கு நாலரை லிட்டர் செலவாகும். பத்து மணி நேரத்துக்கு 45 லிட்டர். மூன்று சிலிண்டருக்கும் தலா 15. அந்தப் பத்து மணியில் சம்ப்பில் ஒரு லிட்டர் ஏறி, அது ஒரே நாசிலின் வேலை என்றால், அந்தச் சிலிண்டருக்குப் போன டீசலில் பதினைந்தில் ஒரு பங்கு எரியாமல் கீழே போயிருக்க வேண்டும். அவ்வளவு ஒழுகும் நாசில் மறைந்திருக்க முடியாது. காலையில் வெள்ளைப் புகை, லோடில் கரும்புகை, ஓட்டத்தில் தட்டல், இழுவைக் குறைவு, ஏதாவது ஒன்று தெரிந்தே தீரும். ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்திப் பார்த்தாலும் அந்தச் சிலிண்டர் காட்டிக்கொடுக்கும். சித்தப்பாவின் எஞ்சினில் புகை மாறவே இல்லை. இழுவையும் குறையவில்லை. நாசில் டெஸ்டரில் வைத்துப் பார்க்காமலேயே மாற்றியிருந்தார்கள்.

நாசிலின் ரிட்டர்ன் அளவை பாட்டிலில் பிடித்துப் பார்த்து, அதிகம் வருகிறது என்று தீர்ப்புச் சொல்வதும் உண்டு. அந்த ரிட்டர்ன் டீசல் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது, சம்ப்புக்கு அல்ல. குழாய் ராக்கர் கவருக்கு உள்ளே ஓடும் எஞ்சின்களில் மட்டும் அதன் இணைப்புக் கசிவு ஆயிலில் விழும். அங்கே கவரைக் கழற்றி ஐடிலில் ஓடவிட்டுக் கண்ணால் பார்ப்பதே சோதனை.

மிச்சம் இருப்பது பம்ப் பக்கம். இன்றும் எங்கள் ஊரில் அதற்கு மைக்கோ பம்ப் என்றுதான் பெயர். 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாறியும் பேச்சு மாறவில்லை. பம்ப்போடு ஒட்டியிருக்கும் ஃபீட் பம்பின் தண்டு தேய்ந்தால், அல்லது டயாஃப்ரம் வகையில் ஜவ்வு கிழிந்தால், டீசல் எரியவே போகாமல் நேராக ஆயிலில் இறங்கும். புகையில் ஒரு மாற்றமும் இருக்காது. ரோட்டரி பம்ப் என்றால் முன்பக்க ஷாஃப்ட் சீல். பம்புக்குத் தனியாக ஆயில் ஊற்றும் பழைய வகையில் கசிவு எஞ்சினுக்குப் போகாமல் பம்பின் ஓட்டையில் வெளியே ஒழுகும். அப்படிப்பட்ட பம்பைச் சம்ப்புக்காகக் குற்றம் சாட்டுவதில் பொருளில்லை.

இப்போது நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கும் சோதனைக்கு வருகிறேன். டிராக்டரின் டேங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. வண்டி நின்ற பிறகும் டீசல் தன் எடையால் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். நாசிலோ எஞ்சின் நின்றதும் நின்றுவிடும். ஆகவே சமதரையில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆயில் இறங்கவிட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மட்டம் நிற்கும் இடத்தில் பேனாக் கத்தியால் சின்னக் கீறல் போட வேண்டும். டேங்க் டேப்பை மூடி ஓர் இரவு, திறந்து ஓர் இரவு. நொடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தால்கூட விடிவதற்குள் முக்கால் லிட்டருக்குக் குறையாமல் சேர்ந்துவிடும். மூடிய இரவில் அசையாமல், திறந்த இரவில் ஏறினால் குற்றவாளி பம்ப் பக்கம். நாசிலுக்கு முழு விடுதலை.

மூடிய இரவுக்குப் பிறகு சித்தப்பா டிப்ஸ்டிக்கை உருவியபோது ஆயில் கீறலிலேயே நின்றது. மறுநாள் காலை, டேப் திறந்த இரவுக்குப் பிறகு, கீறலுக்கு மேலே ஒரு நெல்மணி நீளம் பளபளத்தது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நாசிலுக்குக் கொடுத்த காசு?" என்று மட்டும் கேட்டார்.

இந்தச் சோதனையும் முழுமையானதல்ல. டேப்பே கசிந்தால் மூடிய இரவு பொய் சொல்லும். ஓடும்போது வரும் அழுத்தத்தில் மட்டும் ஒழுகும் சீலும் உண்டு. எனவே இரண்டு இரவும் மட்டம் அசையவில்லை என்றால் பம்ப் தப்பிவிட்டது என்று பொருளல்ல. அப்போது டேங்கில் ஒளிரும் சாயம் கலந்து, புற ஊதா விளக்கில் டைமிங் பக்கத்தையும் ராக்கர் பக்கத்தையும் தேட வேண்டும். டேங்க் கீழே இருக்கும் லாரிக்கு இந்த இரவுச் சோதனை உதவாது. அங்கே கசியும் சீல் வழியாகக் காற்று புகுந்து, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதே அறிகுறி.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 பிக்கப்களை வேறு தராசில் வைக்க வேண்டும். அவற்றில் டி.பி.எஃப் எனப்படும் கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க, பல வண்டிகளில் பிஸ்டன் இறங்கும் நேரத்தில் கூடுதல் டீசலைத் தெளிக்கிறார்கள். அதில் ஒரு பகுதி லைனரில் பட்டு ஆயிலுக்குப் போகிறது. எந்தப் பாகமும் பழுதாகாமலே இது நடக்கும். மஸ்தா தன் டீசல் கார்களின் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் மேலே ஒரு 'எக்ஸ்' குறி போட்டு, ஆயில் அதைத் தொட்டால் மாற்றச் சொன்னது இதை அறிந்துதான். கோடியக்கரையிலிருந்து மீன் ஏற்றி வேதாரண்யம் வந்து இறக்கி அணைக்கும் வண்டி, வழியில் நின்று நின்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் ஓடுகிறது. கரி எரிப்பு தொடங்கி முடிவதற்குள் அணைந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் மறுபடி தெளிக்கிறது. நீண்ட தூரம் ஓட்டினால் ஆவியாகிவிடும் என்பது பெட்ரோலுக்குப் பொருந்தும். டீசலின் கொதிநிலை மிக அதிகம், பெரும்பகுதி ஆயிலிலேயே தங்கிவிடும். இங்கே முதல் கேள்வி இன்ஜெக்டர் பற்றியதாக இருக்கக் கூடாது. ஸ்கேனரில் கடைசி சில கரி எரிப்புகள் எத்தனை கிலோமீட்டர் இடைவெளியில் நடந்தன, எத்தனை பாதியில் நின்றன என்று பார்க்க வேண்டும். ஓட்டம் சரியாக இருந்தும் இடைவெளி சுருங்கினால்தான் டர்போ குழாய்க் கசிவு, ஈ.ஜி.ஆர், சென்சார் என்று தேட வேண்டும்.

என் தீர்ப்பு இது. மெக்கானிக்கல் பம்ப் டிராக்டரில் புகையும் தட்டலும் இல்லாமல் ஆயில் ஏறினால், நாசிலைக் கழற்றுவது சான்றுக்கு எதிரான செயல். இரண்டு இரவு காத்திருந்து, முதலில் ஃபீட் பம்பைத்தான் கழற்ற வேண்டும். புகை இருந்தால் மட்டும் நாசில், அதுவும் டெஸ்டரில் வைத்த பிறகு. சொட்டும் சிரிஞ்சும் வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டியவை. ஆய்வகத்துக்கு அனுப்புவது எஞ்சினைப் பிரிக்கலாமா என்ற பெரிய செலவு எதிரே நிற்கும்போது. "ஆயில மாத்திட்டு ஓட்டிப் பாருங்கண்ணே" என்ற அறிவுரையை நான் ஒப்ப மாட்டேன். முதலில் இருநூறு மில்லியாவது பாட்டிலில் எடுத்து வைத்துவிட்டு மாற்றட்டும், இல்லையென்றால் சாட்சியத்தை நாமே ஊற்றிக் கொட்டியதாகும்.

சித்தப்பாவின் ஃபீட் பம்பில் தண்டு தேய்ந்திருந்தது. அதை மாற்றி, புது ஆயிலும் ஃபில்டரும் போட்ட பிறகு ஐம்பது மணி நேரம் ஓட்டினார். டிப்ஸ்டிக்கில் அரை லிட்டர் குறைந்திருந்தது. "இறங்குது தம்பி" என்று போனில் சொன்னார்.