கத்தரிக்கு எப்படித் தெரியும்?

'தி இன்னர் லைஃப் ஆஃப் த செல்' அசைபடத்தைப் பார்க்காத உயிரியல் ஆர்வலர்கள் குறைவு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக எக்ஸ்விவோ நிறுவனம் 2006-ல் செய்தது. ரத்தக்குழாயில் உருளும் ஒரு வெள்ளையணு, அழற்சி கண்ட இடத்தை உணர்ந்து, தட்டையாகி, குழாய்ச் சுவரைத் தாண்டி வெளியே போகிறது. அவ்வளவுதான் கதை. அழகில் குறை சொல்ல எதுவும் இல்லை.

பார்த்தவர்களுக்கு நினைவில் நிற்பது கினீசின். பெரிய மூட்டையை இழுத்துக்கிட்டு நடக்கிற அந்த ரெண்டு கால் புரதம். ஆனால் வெள்ளையணு வடிவம் மாறி ஊர்வது முக்கியமாக ஆக்டின் இழைகளால். கதைநாயகனே ஆக்டின்தான், அதற்குக் கிடைத்ததோ கொஞ்ச நேரம். மணிமணியாக மூலக்கூறுகள் வந்து இழையில் கோத்துக்கொள்கின்றன. ஒரு புரதம் வந்து இழையை வெட்டுகிறது. அடுத்த காட்சி.

நேரம் குறைவு என்பது என் புகார் இல்லை. படத்தில் எல்லாம் ஏதோ உத்தரவு கிடைத்த மாதிரி நேராக வந்து வேலையை முடிச்சிட்டுப் போகுது. உத்தரவு போட்டது யார்?

கணக்கைப் பாருங்க. இழையின் வேகமாக வளரும் முனையில் ஆக்டின் சேர, சுமார் 0.1 மைக்ரோமோலார் செறிவே போதும். செல்லுக்குள் இழையாகாமல் மிதப்பதோ பல பத்து மைக்ரோமோலார். சில செல்களில் 100-ஐத் தாண்டும். அப்படின்னா எல்லாமே இழையாகியிருக்கணுமே? ஆகவில்லை. பெரும்பங்கைத் தைமோசின் பீட்டா-4 பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன் பிடியில் உள்ள மணி இழையில் சேராது. இன்னொரு பங்கைப் புரோஃபிலின் வைத்திருக்கிறது. இது வேகமுனையில் மட்டும் சேரவிடும், புது இழை தொடங்க விடாது. மூடிப் புரதம் அந்த வேகமுனைகளையே அடைக்கிறது. செல்சவ்வின் ஓரத்தில் மட்டும், சமிக்ஞை வந்ததும், ஆர்ப்2/3 பழைய இழையின் பக்கவாட்டில் ஏறத்தாழ 70 டிகிரியில் புதுக் கிளை தொடங்குகிறது. லாக் போட்டு வைத்த ஒரு மெமரி பூல் மாதிரி என்று என் தொழில் புத்திக்குத் தோன்றும். வளரவிடாமல் பிடித்து வைப்பதில்தான் பாதி வேலையே இருக்கு. படத்தில் இந்தப் பாதி இல்லை.

வெட்டும் காட்சிக்கு வருவோம். வெட்டும் புரதங்களில் முக்கியமானது கோஃபிலின். எந்த இழையை வெட்டணும்னு அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது. இழையில் சேர்ந்த மணி சில நொடிகளில் தன்னிடம் உள்ள ஏடிபியை உடைக்கிறது. உடைந்த பாஸ்பேட் வெளியேற, தானாக விட்டால், சில நிமிடங்கள் ஆகும். பாஸ்பேட் போன பழைய மணிகளில்தான் கோஃபிலின் நன்றாக ஒட்டும். அதாவது இழையின் வயது இழையிலேயே எழுதியிருக்கு. டைம்ஸ்டாம்ப்! கோஃபிலின் ஒட்டிய பகுதியும் ஒட்டாத பகுதியும் சந்திக்கும் எல்லையில் இழை முறிகிறது. இன்னும் வேடிக்கை, கோஃபிலின் அளவுக்கு மீறினால் இழை முழுக்க அப்பிக்கொண்டு வெட்டு குறைந்துவிடும். எல்லை இருந்தால்தானே முறியும்.

இது வெறும் நுணுக்கம் இல்லை என்பதற்கு 1999-ல் பிரான்ஸில் மேரி-ஃபிரான்ஸ் கார்லியே குழு செய்த சோதனையே சாட்சி. செல்லே இல்லாமல், சுத்திகரித்த சில புரதங்களின் கலவையில் லிஸ்டீரியா பாக்டீரியாவை ஓட வைத்தார்கள். ஏடிபியும் ஆக்டினும் ஆர்ப்2/3-யும் மட்டும் போதவில்லை. கோஃபிலின் வகைப் புரதமும் மூடிப் புரதமும் வேண்டியிருந்தன. பிரிப்பதும் அடைப்பதும் நின்றால் ஓட்டமும் நிற்கிறது.

தமிழில் இதை 'செல் எலும்புக்கூடு' என்று எழுதுகிறோம். கட்டி, பிரித்து, அதே கம்பை அடுத்த பக்கம் கட்டுகிற கொத்தனார் 'சாரம்' இன்னும் பொருத்தம்.

இதே கூட்டணி பிறகு 'புரோட்டீன் பேக்கிங்' என்று இன்னொரு படம் செய்தது. அதில் செல்லின் நெரிசலும் தள்ளுமுள்ளும் வந்துவிட்டன, நல்ல முன்னேற்றம். எனக்கு அந்தப் பழைய ஆக்டின் காட்சியின் ஓரத்தில் இரண்டு எண்கள் ஓடினால் போதும்: மிதக்கும் மணிகள் எத்தனை, அதில் பிடிபட்டவை எத்தனை.