நான்காம் வேற்றுமையில் கமக்காரன்

சென்ற தவணையில் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு 'என் தந்தையின் தொழில்' என்னும் பொருளில் கட்டுரை வரையுமாறு பணித்திருந்தோம். பேசாலைப் பக்கத்துப் பிள்ளைகள் வலையையும் வள்ளத்தையும் பற்றி எழுதியிருந்தனர். நானாட்டான் வயற்புறத்திலிருந்து வந்து படிக்கும் மாணவன் ஒருவனின் கட்டுரையோ இவ்வாறு தொடங்கிற்று: "எனது தந்தையார் ஒரு பயனாளி ஆவார். அவருக்குச் சேதனப் பசளை தயாரித்தல் பற்றிய பயிற்சி வழங்கப்பட்டது. அவருக்கு மண்வெட்டி ஒன்றும் வாளி இரண்டும் வழங்கப்பட்டன. அவரது வாழ்வாதாரம் மேம்படுத்தப்பட்டது."

முதலில் சிரிப்பு வந்தது. பின்னர்ச் சிவப்பு மைப் பேனா கையிலேயே நின்றுவிட்டது. எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழை இல்லை, திணை பால் வழுவும் இல்லை. எனினும் ஒரு மகன் தன் தகப்பனைப் பற்றி எழுதிய நான்கு வாக்கியங்களில் அத்தகப்பன் எந்த வேலையும் செய்யவில்லை.

இந்த நடையை அவன் எங்கே கற்றான்? நாம் கற்பிக்கவில்லை, பாடநூலிலும் இல்லை. 2009இல் போர் முடிந்த பின்னர் மன்னார்ப் பெருநிலப்பரப்பின் ஊர்தோறும் தொண்டு நிறுவனங்கள் நடத்திய விவசாயப் பயிற்சிகளும், அவற்றையொட்டி வந்த கையேடுகளும், அறிக்கைகளும், பெயர்ப்பலகைகளுமே அவனுக்கு இதனைக் கற்பித்தன. நம் விமரிசகர் நாவலையும் கவிதையையும் ஆராய்கின்றனர், நன்று. ஆயின் நம் ஊர்க் கமக்காரர் வீட்டுக்குள் நாவல் புகுவதில்லை, அறிக்கை புகுந்துவிடுகிறது. அதனையும் ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு ஆராய்வது விமரிசனத்தின் கடன் அன்றோ?

அந்த வகையின் உயிர்நிலை 'வெற்றிக் கதை' எனப்படும் ஒரு பக்கச் சித்திரம். அதில் வரும் மனிதன் முதலில் அறியாதவனாயிருக்கிறான், அதனால் வறியவனாயிருக்கிறான். செயலமர்வு ஒன்று நிகழ்கிறது. அதன்பின் கத்தரியும் மிளகாயும் காய்த்துத் தொங்க, புகைப்படத்தில் அவன் புன்னகை புரிகிறான். நில உடைமையாளன், நெல் வியாபாரி, வட்டிக்குக் கொடுப்பவன், வனத் திணைக்களம் ஆகிய எவருக்கும் இக்கதையில் இடமில்லை. பகைவன் இல்லாத கதை இது. அறியாமை ஒன்றே பகை. நம் பழைய கூத்துகளில்கூட அரசனை எதிர்க்க ஒருவன் வருவான்!

இலக்கணத்தைக் கொண்டு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கமக்காரன் இவ்வறிக்கைகளில் எழுவாயாக வருவது அரிது. 'கு' உருபேற்று நான்காம் வேற்றுமையிலேயே வருகிறான்: அவனுக்கு, அவளுக்கு, பயனாளிகளுக்கு. கொடுத்தவரும் செயப்பாட்டு வினைக்குள் மறைந்துவிடுகிறார். நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களை நிரல்படுத்துகையில் கொடையை முதலில் வைத்துப் பகையை அதற்கு அடுத்தாற்போல வைத்தார். அறிக்கை எழுதுவோர் முதற்பொருளோடு நூலை மூடிவிட்டனர் போலும்.

தொல்காப்பியர் இரத்தற் சொற்கள் மூன்றனையும் பிரித்துக் காட்டியதை மாணவர் அறிவர். தாழ்ந்தவன் 'ஈ' என்கிறான். ஒத்தவன் 'தா' என்கிறான். உயர்ந்தவன் 'கொடு' என்கிறான். விதைநெல் குறைந்தால் அயல் வயற்காரனிடம் 'தா' என்று கேட்ட மனிதனின் பெயரால் வெளிநாட்டுக் கொடையாளருக்கு எழுதப்படும் விண்ணப்பம் 'ஈ' என்கிறது. 'வேளாண்மை' என்னும் சொல்லை வள்ளுவர் ஈகை, உதவி என்னும் பொருளிலேயே ஆண்டார். பயிர் செய்தலுக்கும் பிறர்க்கு வழங்குதலுக்கும் ஒரே சொல்லைப் பெற்ற மொழியில், வேளாண்மை செய்பவன் பெறுவோனாக மட்டும் எழுதப்படுவதைச் சொல்லாட்சிக் குறை என்று தள்ளிவிட முடியுமா?

முடியாது. அந்தச் சொல்லாட்சிக்குப் பின்னால் மன்னாரின் மண் கிடக்கிறது.

மன்னார்த் தீவு மணல். நெல் விளைவது பெருநிலத்தில். அருவியாற்றின் நீரைத் தேக்கத்தில் மறித்து, வாய்க்கால் வழியே கட்டுக்கரைக்குளத்தில் நிரப்பி, அங்கிருந்து முருங்கன், நானாட்டான் வயல்களுக்குப் பாய்ச்சுகின்றனர். தாதுசேன மன்னன் காலத்தது என்று மரபு கூறும் இக்குளத்தை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுக்கினர். காலபோகம் மழையோடு போய்விடும். சிறுபோகம் அவ்வாறன்று, குளத்தில் நிற்கும் நீரின் அளவுக்கேற்ப எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டம் கூடித் தீர்மானிக்க வேண்டும். அவ்வாண்டுப் பங்கு எவருக்கு என்பதே அங்கு எழும் கேள்வி. காணி உடையவனுக்கு அங்கே குரல் உண்டு. குத்தகைக்குச் செய்பவனுக்கு அக்குரல் இல்லை. கூட்டுப்பசளைக் குழியை எத்தனை அடி ஆழத்தில் வெட்டுவது என்று மூன்று நாள் கற்ற அவன், அக்குழியை யாருடைய நிலத்தில் வெட்டுவது என்று வினவினால் எந்தக் கையேடும் விடை கூறாது.

தெற்கே முசலிக் கரைக்குச் சென்றால் நிலைமை இன்னும் கடுமையானது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடபகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டு வந்தபோது, அவர்களது காணிகளில் காடு வளர்ந்திருந்தது. மறிச்சுக்கட்டிப் பக்கத்துக் காடுகள் 2017 மார்ச்சில் 'மாவில்லு' என்னும் பெயரில் பேணற்காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. அக்காட்டின் எல்லைக்குள் தம் காணிகளும் அகப்பட்டன என்று மக்கள் போராடினர். அருகே முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் 2007இல் வெளியேற்றப்பட்டனர். அவர்களது ஊர் கடற்படைத் தளமாயிற்று. 2017இல் அவர்கள் ஊர்வாயிலில் அமர்ந்து போராடிய பின்னரே ஒரு பகுதியை விடுவிக்க உடன்பாடு பிறந்தது. தன் குளமும் வயலும் முட்கம்பிக்கு அப்பால் கிடக்க, கம்பிக்கு இப்பால் இருப்பவனுக்கு வீட்டுத்தோட்டப் பயிற்சி அளிப்பதை எந்தச் சுவையில் அடக்குவது? அவலமா, நகையா?

பயிற்சியே வேண்டாம் என்பது நம் வாதமன்று. கற்பித்து உண்பவர் நாம். கல்வியைப் பழித்தல் நமக்குத் தகாது. கடலோரத்து உவர் நிலத்தில் எந்த நெல் நிற்கும், எது கருகும் என்பது அறிவினாற் பெறுவதே. அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் இனத்தைப் பற்றி ஒருவன் அறியாதிருத்தல் நட்டமே. முருங்கனுக்கு அண்மையில் கட்டையடம்பனில் மெதடிஸ்த திருச்சபையின் 'ஜீவோதயம்' பண்ணை வழியாக ஆற்றிவரும் பணியையும் நாம் குறைத்துக் கூறோம். மண்ணில் கால் வைத்துக் கற்பிப்பவன் அறிக்கை எழுதுபவனினும் மேலானவன். ஆயின் அறிவு எங்கே நின்றுவிடுகிறது என்பதை 2021 காட்டிற்று. அவ்வாண்டு அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஓர் ஆணையால் தடுத்தது. நவம்பரில் அதனைக் கைவிட்டது. சேதனப் பசளை பற்றி ஆண்டுக்கணக்காகப் பயிற்சி பெற்ற கமக்காரரை அவ்வாணைக்கு முன்னர் எவரும் கலந்து பேசவில்லை.

இக்கோளாறு நம் ஊரில் பிறந்ததுமன்று. அமெரிக்க மிஷனரி சாம் ஹிக்கின்பொட்டம் 1910இல் அலகாபாத்தில் விவசாயப் பள்ளியை நிறுவினார். நற்செய்தியையும் கலப்பையையும் இணைத்துத் தலைப்பிட்ட அவரது நூல் 1921இல் வெளிவந்தது. நல்ல கலப்பை வந்தால் பசி நீங்கும் என்று அவர் மெய்யாகவே நம்பினார், உழைக்கவும் செய்தார். அந்நூல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டு, 1920 ஜூனில், பிரதாப்கர்ப் பகுதிக் குடியானவர் சில நூறு பேர் கால்நடையாக அதே அலகாபாத்துக்கு வந்தனர். நிலத்திலிருந்து எழுப்பிவிடப்படுதலுக்கும் தாலுக்தார்களின் கொடுமைக்கும் முடிவு கேட்டு வந்தவர்கள் அவர்கள். கலப்பை கேட்டு வரவில்லை. நேரு அவர்களுடன் கிராமங்களுக்குச் சென்றதே அவரது அரசியல் வாழ்வில் ஒரு திருப்பமாயிற்று.

தருமப் பணம் நிலத்தைத் தொட்ட காலமும் நம் வன்னியில் உண்டு. 1970களின் பிற்பகுதியில் மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வவுனியாவை நடுவாகக் கொண்டு 'காந்தியம்' இயக்கத்தை நடத்தினர். அதற்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் பணம் வந்தது. அதுவும் பயிற்சி தந்தது. ஆயின் 1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட மலையகத் தமிழரை அது நிலத்தில் குடியேற்றிப் பயிர் செய்யவும் வைத்தது. காணியற்ற கூலி ஒரு வரப்புக்குள் எழுவாயாக நின்றான். பதில் விரைந்து வந்தது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். முருங்கனில் பணிபுரிந்த மெதடிஸ்த குருவானவர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரில் இராணுவத்தாற் கொல்லப்பட்டார். அவருடன் மடிந்தவருள் அவரது முஸ்லிம் சாரதியும் ஒருவர். இவர்களைப் பற்றிய 'வெற்றிக் கதை' எந்தப் பளபளப்புத் தாளிலும் அச்சாகவில்லை. எவருக்கும் இடையூறு செய்யாத பணியே புகைப்படத்துக்கு அழகாக அமைகிறது.

படைப்பிலக்கியம் இதில் அறிக்கையினும் நேர்மையாக நடந்துகொண்டது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வந்தது. களம் முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்பு. அந்நாவலின் காட்டுக் காதலில் நமக்கு முழு உடன்பாடில்லை. வர்க்க முரண்பாட்டை அது மென்மையாகவே தொட்டுச் செல்கிறது. எனினும் அதில் காடு வெட்டுபவனும் விதைப்பவனும் கதிராமனே. அவனுக்கு எதுவும் வழங்கப்படவில்லை.

மாணவனின் கொப்பிக்கு மீள்வோம். மதிப்பெண் இடாமல், 'அப்பா' என்னும் சொல்லை ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயாக வைத்துத் திரும்ப எழுதிவரச் சொன்னோம். இரண்டு நாட் கழித்துக் கொண்டுவந்தான். கட்டுரை பாதியாகக் குறைந்திருந்தது. எழுத்துப் பிழைகள் ஏழு இருந்தன. அப்பா பிறர் வயலைக் குத்தகைக்குச் செய்கிறார். அப்பா நெல்லில் பாதியை வெட்டின களத்திலேயே அளந்து கொடுக்கிறார். அரச சபை வாங்கத் தொடங்குமுன் அப்பா மிச்சத்தை வியாபாரிக்கு விற்கிறார், ஏனென்றால் உழவு மெசின்காரனுக்கு அப்பா காசு கட்ட வேண்டும். அப்பா பசளை வகுப்புக்கும் போனார், அது நல்ல வகுப்பு, ஆனால் குழி வெட்ட வயற்காரர் விடவில்லை.

'குத்தகை' என்பதை அவன் 'குத்தகய்' என்று எழுதியிருந்தான். அதனைத் திருத்தினோம்.