ஒரு வெளிச்சத்துக்கு ஒரு பேட்ச்

ட்ரோன் எடுத்த படங்களைக் கணினியில் கொட்டி, எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் திருத்தும் 'பேட்ச்' பொத்தானை அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போகிற பழக்கம் இன்று மலேசியாவில் கேரித் தீவின் செம்பனைத் தோட்டத்திலும் உண்டு, தஞ்சாவூர் வயலிலும் உண்டு, அம்பாறைக் கரும்புத் தோட்டத்திலும் உண்டு. மென்பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், கேமராவும் அப்படியே. ஆனால் ஒரு பேட்ச்சில் எதையெல்லாம் சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்பதில் இந்தியாவும் இலங்கையும் வெவ்வேறு வழியில் போகின்றன. போர்ட் கிள்ளானில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்பவனுக்கு இரண்டு கரை ஆட்களோடும் பழக்கம் வாய்த்துவிடுகிறது. என் கட்சி இலங்கைப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் அந்த வழிக்கு வந்ததற்கு விவேகம் பாதிக் காரணம், நெருக்கடி மீதிக் காரணம்.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடலாம். டிஜேஐ நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பாண்டம் 4 மல்டிஸ்பெக்ட்ரல் ட்ரோனை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை கிளிக் செய்தால் ஆறு கோப்புகள் விழும்: நீலம், பச்சை, சிவப்பு, சிவப்பு விளிம்பு, அண்மை அகச்சிவப்பு என்று ஐந்து டிஃப் கோப்புகள், கூடவே கண்ணுக்குப் பழகிய ஒரு சாதாரணப் படம். ஆயிரம் கிளிக் என்றால் ஆறாயிரம் கோப்பு. டிஃப் மட்டுமே 20 ஜிபி வரும். இதை ஒவ்வொன்றாகத் திருத்த யாராலும் ஆகாது, அதனால்தான் பேட்ச். மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் சென்சாரின் இருட்டு அளவைக் கழிக்கும், ஓரங்களில் மங்கியதைத் தூக்கிவிடும், எக்ஸ்போஷர் நேரத்தையும் கெயினையும் கொண்டு வகுக்கும். கடைசியாக, பறக்கும் முன் தரையில் வைத்துப் படமெடுத்த சாம்பல் நிறப் பலகையைப் பார்த்து, 'இந்த வெளிச்சத்தில் இவ்வளவு ஒளி திரும்பினால் அது இத்தனை சதவீதம்' என்று எல்லாப் படங்களுக்கும் ஒரே கணக்கைப் போடும்.

அந்தப் பலகைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒவ்வொரு பலகைக்கும் நிறப்பட்டைவாரியாகத் தனி மதிப்பு உண்டு, எண்ணும் உண்டு. உங்கள் பலகையின் மதிப்புக்குப் பதிலாகப் பக்கத்து அணியின் பலகை மதிப்பைக் கொடுத்தாலும் மென்பொருள் முகம் சுளிக்காது. ஒரு நெல்வயல் சிவப்பில் 4 சதவீதமும் அண்மை அகச்சிவப்பில் 40 சதவீதமும் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். பயிரின் பசுமையை அளக்கும் என்டிவிஐ கணக்குப்படி, வித்தியாசம் 36-ஐக் கூட்டுத்தொகை 44-ஆல் வகுத்தால் 0.82. பலகைத் தவறால் சிவப்பு மட்டும் 5 என்று பதிவானால் 35-ஐ 45-ஆல் வகுக்க வேண்டும்: 0.78. வயலில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் போன மாத வரைபடத்தோடு வைத்துப் பார்ப்பவர் பயிர் வாடுகிறது என்று யூரியா மூட்டையைப் பிரித்துவிடுவார். தவறு பேட்ச் முழுக்க ஒரே சீராகப் பரவுவதால் வரைபடம் பார்க்க அழகாகவே இருக்கும். இந்த வேலையில் அழகான வரைபடத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இந்தியாவுக்கு இந்தத் துறை புதிதல்ல. 1988 மார்ச்சில் ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோள் ஏறியதிலிருந்து பல்நிறமாலைப் படங்களோடு அவர்கள் குடும்பம் நடத்துகிறார்கள். ஹைதராபாத்தில் தேசியத் தொலையுணர்வு மையம், டேராடூனில் பயிற்சி நிறுவனம், கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறை என்று ஒரு தலைமுறையே இதில் தேர்ந்துவிட்டது. ஆனால் அந்தத் தேர்ச்சியோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு. ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-3 கேமரா ஒரே ஓட்டத்தில் 141 கிலோமீட்டர் அகலத்தைப் படம் பிடிக்கிறது, ஒரு பிக்சல் 23.5 மீட்டர். அவ்வளவு பெரிய நிலத்தை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடுவதால் அங்கே வெயில் மாற நேரமே இல்லை. ஒரு காட்சிக்கு ஒரு திருத்தம் போதும். அந்தக் கண்ணோடு ட்ரோனுக்கு வருகிறவர், காலை பத்து மணிப் படத்தையும் பன்னிரண்டரை மணிப் படத்தையும் ஒரே கோப்புறையில் போட்டு ஒரே பலகையால் திருத்துவதில் தப்பேதும் காண்பதில்லை.

பரப்பளவும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. 2021 ஆகஸ்ட் 25-இல் வந்த ட்ரோன் விதிகள், பசுமை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்காமலே பறக்கவிட்டன. 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற நமோ ட்ரோன் தீதி திட்டம் 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தருவதாகச் சொன்னது. அவை பெரும்பாலும் மருந்து தெளிப்பவை, படம் எடுப்பவை இல்லை. ஆனாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பறக்கும் தொழில் ஊரெங்கும் வேர்விட்டுவிட்டது. ஏக்கர் கணக்கில் கூலி வாங்குகிறவர் அரை மணிக்கொருமுறை இறங்கிப் பலகையைப் படமெடுப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை.

இன்னொன்று, சட்டம். 2021 பிப்ரவரியில் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதல்படி, கிடைமட்டத்தில் 1 மீட்டரையும் செங்குத்தில் 3 மீட்டரையும் விட நுட்பமான தரவை இந்திய நிறுவனங்களே உருவாக்கலாம். அதை இந்தியாவுக்குள்ளேயே சேமித்து, இந்தியாவுக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும். ட்ரோன் படத்தின் பிக்சல் சென்டிமீட்டர் கணக்கு. எனவே கோவையில் இருக்கும் என் நண்பர் தம் மூலப்படங்களை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க முடியாது. வெளிநாட்டு மேகக்கணினியில் ஏற்றவும் முடியாது. இந்தியாவுக்குள் இருக்கும் கணினியில்தான் ஓட்ட வேண்டும், ராத்திரி முழுக்க. இதில் ஒரு நன்மை இருக்கிறது: மூலப்படங்கள் அவர்கள் கையிலேயே தங்குகின்றன. 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களின் இறக்குமதிக்கும் தடை வந்தது, உதிரிபாகங்களுக்கு இல்லை. அதனால் உள்ளூர் ட்ரோனில் வெளிநாட்டுக் கேமராவைப் பொருத்துகிற வேலை பெருகியது. அப்படிப் பொருத்தும்போது மேல்நோக்கி வெயிலை அளக்கும் உணரியை ரோட்டரின் நிழல் படாத இடத்தில் வைத்தார்களா என்பது தனிக் கவலை.

மேகக் காலத்துக்குத் தமிழ்நாடு கண்ட வழி வேறு. சம்பா வளர்வது வடகிழக்குப் பருவமழையில். அப்போது வெளிச்சத்தை நம்பும் கேமராவால் பயனில்லை என்று, வேளாண்மைப் பல்கலைக்கழகம் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ராடார் படங்களைக் கொண்டு நெற்பரப்பைக் கணிக்கிறது. ராடாருக்கு மேகம் ஒரு பொருட்டில்லை. இது நல்ல புத்திதான். ஆனால் பயிரின் பச்சையத்தை அறிய ராடார் உதவாதே.

இலங்கைக்கு வருவோம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின் நான்கே நாளில் ட்ரோன்கள் பறக்கக் கூடாது என்று சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை தடை போட்டது. பின்னர் தடை தளர்ந்தாலும் ட்ரோனைப் பதிவு செய்வது, பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெறுவது என்று வரிசை நீளமானது. வடக்கு, கிழக்கில் அது இன்னும் நீளம். பறக்கும் நாள் கிடைப்பதே அரிது என்பதால், கிடைத்த நாளை வீணாக்க யாருக்கும் மனம் வராது. மழைக்காலச் சாகுபடியான காலபோகத்தில் மேகம் ஓடும் வானத்தின்கீழ் இரணைமடுப் பக்கத்து வயலில் நின்றால், பலகையைப் பறக்கும் முன் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை, வெயில் மாறினால் நடுவில் ஒருமுறை என்று எடுத்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் காட்டிய கோப்புறைப் பெயர்கள் நினைவில் நிற்கின்றன: '1015 வெயில்', '1040 மேகம்', '1055 வெயில்'. ஒவ்வொன்றிலும் அதற்குரிய பலகைப் படம், பலகையின் எண். ஒரு காலையில் மூன்று பேட்ச். "மூண்டையும் ஒண்டா விட்டால் நடுவில கோடு விழும் அண்ணை, பிறகு அதைப் பயிர் நோய் எண்டு சொல்லுவினம்" என்றார்.

ஆய்வு நிலங்களும் சிறியவை. அம்பாறை மாவட்டம் ஹிங்குராணையில், கல்லோயா கரும்புத் தோட்டத்தில் இதே பாண்டம் 4 மல்டிஸ்பெக்ட்ரலைப் பறக்கவிட்டு, கரும்பின் வெள்ளை இலை நோயைப் படத்திலேயே கண்டுபிடிக்க முயன்ற ஆய்வு 2022-இல் வெளிவந்தது. நோயுற்ற தூரும் நல்ல தூரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நிலத்தில், இரண்டு சதவீதம் பிசகினாலும் கணினி கற்றுக்கொள்வது நோயை இல்லை, நிழலை. அந்த அளவுக்குப் போகிறவர் பேட்ச்சைச் சிறிதாக்கித்தான் ஆக வேண்டும்.

நெருக்கடி என்றேனே, அது காசு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நைதரசன் இல்லாமல் வெளுத்த வயலைக் காண ட்ரோன் தேவைப்படவில்லை, வரம்பில் நின்றாலே தெரிந்தது. அடுத்த ஏப்ரலில் நாடு வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தியது. டொலரில் மாதச் சந்தா கேட்கும் மென்பொருளைத் தொடர்வது பல்கலைக்கழகத்துக்கே பாரமானபோது, வெப்ஓடிஎம் போன்ற இலவச மென்பொருளின் பக்கம் திரும்புவது இயல்பு. இலவச மென்பொருள் எல்லாவற்றையும் பூசி மெழுகித் தருவதில்லை. எந்தப் படத்துக்கு எந்தத் திருத்தம் என்று நீங்களே சொல்ல வேண்டும். அதனால் அங்கே படித்து வருகிற பிள்ளைகளுக்குப் பேட்ச்சுக்குள் நடப்பது தெரிந்திருக்கிறது. குறையும் இருக்கிறது: பறப்புகள் குறைவாக இருப்பதால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடத் தொடர்ச்சியான பதிவு இல்லை. அந்த ஒன்றில் இந்தியா பல காதம் முன்னே நிற்கிறது.

இரண்டு நாட்டுப் பாடத்தையும் அப்படியே கிள்ளானுக்குக் கொண்டுவந்தால் நேரம் இடிக்கும். 'காலை பத்திலிருந்து இரண்டு வரை பற' என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகாரம் ஒன்று. தஞ்சாவூரிலும் யாழ்ப்பாணத்திலும் சூரியன் உச்சிக்கு வருவது 12.15 வாக்கில். நம் கடிகாரமோ ஊரின் தீர்க்கரேகையை விட முந்தி ஓடுகிறது, எனவே கிள்ளானில் உச்சி வருவது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. அவர்களுடைய பத்து மணி நமக்குப் பதினொன்று. பிற்பகல் இரண்டைத் தாண்டினால் இடிமேகம் திரளும் ஊர் இது. நமக்குக் கிடைக்கும் இடைவெளி அவர்களுடையதை விடக் குறுகல்.

மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் இன்னொரு சங்கடம். சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கும். ட்ரோனின் சொந்த நிழல் படத்தின் நடுவில் விழும், அதைச் சுற்றி ஒரு வெண்மையான வட்டம் தோன்றும். இலைகளின் நிழலெல்லாம் இலைகளுக்கு அடியிலேயே மறைந்துவிடுவதால் வருகிற பளபளப்பு அது. எந்த மென்பொருளின் பேட்ச்சும் அதைச் சரியாக அகற்றாது. இலங்கையில் இது ஏப்ரல் முதல் பாதியில் வரும், கோவையில் அதற்குச் சில நாள் பிந்தி. அந்த நாட்களில் உச்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வதுதான் வழி. சில கேமராக்கள் படத்துக்குள் கிரீன்விச் நேரத்தைப் பதிவதால், நேரம் பார்த்துக் கோப்புகளைப் பிரிக்கும்போது எட்டு மணி நேரத்தைக் கூட்ட மறக்கக் கூடாது.

கேரித் தீவிலும் பந்திங் பக்கத்திலும் செம்பனைக்குப் பறப்பவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான். பிரிப்பதை இலங்கையிடம் கற்றுக்கொள்ளுங்கள்: வெயில் மாறினால் புதுப் பலகைப் படம், புதுக் கோப்புறை, புதுப் பேட்ச். சேமிப்பதை இந்தியாவிடம் கற்றுக்கொள்ளுங்கள்: மூலப்படங்கள் உங்கள் கையில், ஆண்டு தவறாமல். தோட்ட நிர்வாகிகள் வரைபடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு காசோலை எழுதாமல், பலகைப் படங்களையும் பலகையின் எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். அதைத் தர மறுக்கிறவரின் வரைபடத்தை நம்பி ஒரு மூட்டை உரம்கூடப் போட வேண்டாம்.