சுவருக்கு மட்டும் காவல்

சிங்கப்பூரின் கடைவீட்டுப் பாதுகாப்பு நெறிமுறைகளை ஒரு பனுவலாகவே வாசித்தேன். சாளரம், அஞ்சடி, முற்றம், ஓட்டுக்கூரை என ஒவ்வோர் உறுப்பின் மீதும் அதற்கு அக்கறை. எந்தத் தொழில் வரக்கூடாது என்றும் சொல்கிறது. இருந்த தொழில் நிலைக்க வழி சொல்லவில்லை. 1989இல் பாதுகாப்புப் பகுதியானதால் லிட்டில் இந்தியா இடிபடவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2001இல் நீக்கிவிட்டார்கள். சாளரத்தை மாற்ற அனுமதி வேண்டும். மாவு மில்காரரைக் கிளப்ப வாடகையை ஏற்றினால் போதும்.

கெர்பாவ் சாலையில் எல்லோரும் படமெடுக்கும் வண்ண வீடு, சீன வணிகர் தான் டெங் நியாவினுடையது. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. அங்கிருந்த மாட்டுத் தொழிலுக்கு இப்போது தெருப்பலகைதான் சாட்சி.