தொண்ணூறு நிமிடத்துக்குப் பிறகுதான் ஆட்டம்: குரோஷியக் கால்பந்தை எப்படி ரசிப்பது?

குரோஷியாவின் உலகக் கோப்பைக் கணக்கு வேறு எந்த நாட்டுக் கணக்கைப் போலவும் இல்லை. 2022 வரை ஆறு உலகக் கோப்பைகளில் அந்த அணி ஆடியது. 2002, 2006, 2014 ஆகிய மூன்றிலும் முதல் சுற்றோடு மூட்டை கட்டியது. 1998, 2018, 2022 ஆகிய மூன்றிலும் பதக்கத்தோடு ஊர் திரும்பியது. ஒன்று அடி, இல்லையென்றால் முடி. இடைப்பட்ட நிலை அதற்குத் தெரியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2018, 2022 உலகக் கோப்பைகளில் டென்மார்க், ரஷ்யா, இங்கிலாந்து, ஜப்பான், பிரேசில் என ஐந்து அணிகளை நாக் அவுட் சுற்றுகளில் வெளியேற்றித்தான் குரோஷியா மேலே போனது. இந்த ஐந்தில் ஒன்றைக்கூட 90 நிமிடங்களுக்குள் முடிக்கவில்லை. எல்லாமே கூடுதல் நேரத்திலோ பெனால்டி ஷூட் அவுட்டிலோ முடிந்தவை.

38 லட்சம் பேர்தான் வாழும் நாடு இதை எப்படிச் செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டு பார்க்கும்போதுதான் இந்த அணியின் ருசி தெரியும். கோல் மழையை எதிர்பார்த்து உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் கொட்டாவி வந்துவிடும். குரோஷியாவின் ஆட்டம் நேரத்தை ஆள்கிற ஆட்டம். அதை ரசிக்கச் சில பழக்கங்கள் வேண்டும்.

முதலில் அந்தச் சட்டையின் கதை

சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போட்ட ஜெர்சியை உலகத்தில் யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். நாட்டின் சின்னத்தில் உள்ள கட்டங்கள் அவை. 1990இல் ஓவியர் மிரோஸ்லாவ் சூட்டே அதை ஜெர்சியாக வடிவமைத்தார். அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று ஸாக்ரெப் நகரின் மக்சிமிர் மைதானத்தில் அமெரிக்காவை 2-1 என வென்றது குரோஷியா. அப்போது அது யுகோஸ்லாவியாவின் ஒரு பகுதிதான். சுதந்திரப் பிரகடனம் வந்தது 1991 ஜூனில். நாடு பிறப்பதற்கு முன்பே அணி களத்தில் இறங்கிவிட்டது.

அதே மக்சிமிர் மைதானத்தில் சில மாதங்களுக்கு முன்பு, 1990 மே 13 அன்று, டினாமோ ஸாக்ரெப் அணியும் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியும் மோதவிருந்த ஆட்டம் பெரும் கலவரமாக மாறியது. ரசிகரை அடித்த போலீஸ்காரரை டினாமோ கேப்டன் ஸ்வோனிமிர் போபன் எட்டி உதைத்தார். அதற்காக விதிக்கப்பட்ட தடையால் அந்த ஆண்டு யுகோஸ்லாவியாவின் உலகக் கோப்பை அணியில் அவருக்கு இடம் இல்லாமல் போனது. எட்டு ஆண்டு கழித்து அதே போபன் குரோஷியாவின் கேப்டனாக உலகக் கோப்பைக்குப் போனார்.

1998இல் பிரான்ஸில் குரோஷியாவை வழிநடத்தியவர், ‘சிரோ’ என்று நாடே அழைத்த மிரோஸ்லாவ் பிளாஜெவிச். அணியின் முதுகெலும்பு புதிதாக முளைத்ததல்ல. 1987இல் சிலியில் நடந்த இளையோர் உலகக் கோப்பையை வென்ற யுகோஸ்லாவிய அணியில் ஆடிய போபன், புரோசினெச்கி, டேவோர் சூகர், ராபர்ட் யார்னி, இகோர் ஸ்டிமாச் ஆகியோர் இங்கே குரோஷியர்களாக ஒன்றுசேர்ந்தார்கள். காலிறுதியில் ஜெர்மனியை 3-0 என வீழ்த்தினார்கள். அரையிறுதியில் பிரான்ஸிடம் 1-2 எனத் தோற்றாலும், நெதர்லாந்தை வென்று மூன்றாம் இடம் பிடித்தார்கள். ஆறு கோல் அடித்த சூகருக்குத் தங்கக் காலணி கிடைத்தது. அந்த அணியில் தடுப்பாட்டம் ஆடிய ஸ்டிமாச்தான் 2019 முதல் 2024 வரை இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தவர்.

இந்த வரலாறு தெரிந்தால் லூகா மோட்ரிச்சின் முகம் வேறு மாதிரித் தெரியும். சுதந்திரப் பிரகடனத்தையொட்டி மூண்ட போரில், 1991 டிசம்பரில், அவருடைய தாத்தா கொல்லப்பட்டார். அவர் பெயரும் லூகாதான். குடும்பம் வீட்டை விட்டு ஓடி, ஸாடர் நகரத்தில் அகதிகளைத் தங்கவைத்த ஒரு ஓட்டலில் வாழ்ந்தது. அந்த ஓட்டலின் கார் நிறுத்துமிடத்தில் பந்து உதைத்து வளர்ந்த பையன், 2018இல் உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தையும், அதே ஆண்டு பலோன் தோர் விருதையும் வாங்கினார்.

பந்தை விட்டுவிட்டு நடுக்களத்தைப் பாருங்கள்

டிவியில் ஆட்டம் பார்க்கும்போது நம் கண் பந்தோடு ஓடும். குரோஷியா ஆடும்போது முதல் கால் மணி நேரத்துக்கு அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நடுவில் நிற்கும் மூன்று பேரை மட்டும் பாருங்கள்.

2022இல் அந்த மூவர் மோட்ரிச், மார்செலோ புரோசோவிச், மடேயோ கோவாசிச். புரோசோவிச் கீழே இறங்கித் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பக்கத்தில் வந்து பந்தை வாங்குவார். கோவாசிச் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு எதிராளிகளுக்கு நடுவே ஓடுவார். மோட்ரிச் வலப்பக்கம் ஒதுங்கி நிற்பார். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு தோள்களுக்கும் மேலாகத் திரும்பி, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வார். பந்து வந்த கணமே வலது பாதத்தின் வெளிப்புறத்தால் ஒரு தட்டு. இடது காலுக்கு மாற்ற வேண்டிய அரை நொடி அவருக்கு மிச்சம். அந்த அரை நொடியில்தான் எதிரணியின் தடுப்பு கலைகிறது.

பின்னோக்கி ஒரு பாஸ் போனால் எரிச்சல்படாதீர்கள். குரோஷியா பின்னால் பாஸ் செய்வது எதிராளியை முன்னால் இழுக்கத்தான். இழுபட்டவன் விட்டுச்சென்ற இடத்துக்கு அடுத்த பாஸ் போகும். இரண்டு மூன்று முறை கவனித்துவிட்டால், பின்னோக்கிய பாஸ் வரும்போதே அடுத்தது எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள். அந்தக் கட்டத்தில் நீங்கள் குரோஷிய ரசிகர் ஆகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எழுபதாவது நிமிடத்தில் எழுந்து போகாதீர்கள்

மற்ற அணிகள் சோர்ந்து போகிற நேரத்தில் இவர்கள் பதற்றமில்லாமல் ஆடுகிறார்கள். 2018 அரையிறுதியில் ஐந்தாவது நிமிடத்திலேயே டிரிப்பியரின் ஃப்ரீ கிக்கில் இங்கிலாந்து முந்தியது. குரோஷியா அதற்கு முன்பு இரண்டு ஆட்டங்களில் தொடர்ந்து 120 நிமிடம் ஆடிவிட்டு வந்திருந்தது. ஆனாலும் பயிற்சியாளர் ஸ்லாட்கோ டாலிச் 90 நிமிடம் முடியும்வரை ஒரு மாற்று ஆட்டக்காரரைக்கூட இறக்கவில்லை. 68வது நிமிடத்தில் பெரிசிச் காலை உயரத் தூக்கி கோல் போட்டார். 109வது நிமிடத்தில் மாண்ட்ஸுகிச் அடித்த கோல் குரோஷியாவை முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனது.

ஜப்பானுக்கு எதிராக 2022இல் புரோசோவிச் ஓடிய தூரம் 16.7 கிலோமீட்டர். உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் பதிவான அதிகபட்ச ஓட்டம் அதுதான். அதற்கு முந்தைய சாதனையும் அவருடையதே. அது இந்த இங்கிலாந்து ஆட்டத்தில் ஓடியது.

இந்தப் பொறுமையின் உச்சம் 2022இல் பிரேசிலுக்கு எதிரான காலிறுதி. கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும் நொடியில் நெய்மர் கோல் அடித்தார். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 117வது நிமிடம். முன்னிலையில் இருந்தும் பிரேசில் ஆட்கள் மேலேறி ஆடிக்கொண்டிருக்க, பந்து பறிபோனது. மோட்ரிச்சிடமிருந்து பந்து விளாசிச்சுக்குப் போனது. அவர் இடப்பக்கம் ஓடிய ஓர்சிச்சிடம் நீட்டினார். ஓர்சிச் உள்ளே திருப்பிவிட, புரூனோ பெட்கோவிச் இடது காலால் உதைத்தார். பந்து மார்கினியோஸ் மேல் பட்டுத் திசைமாறி வலைக்குள் போனது. அந்த 120 நிமிடங்களில் கோலை நோக்கிக் குரோஷியா சரியாக அடித்த ஒரே ஷாட் அதுதான். இந்தக் கோலைத் திரும்பப் பார்க்கும்போது கடைசி உதையை விடுங்கள். பந்து பறிபோன நொடியில் எத்தனை பிரேசில் ஆட்கள் பந்துக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்தத் தவறுக்காகத்தான் குரோஷியா அவ்வளவு நேரம் காத்திருந்தது.

பெனால்டியில் கோல்கீப்பரைப் பாருங்கள்

உலகக் கோப்பையில் 2022 வரை நான்கு ஷூட் அவுட், நான்கிலும் வெற்றி. 2018இல் டென்மார்க்குக்கு எதிராக மூன்று பெனால்டிகளைத் தடுத்தார் கோல்கீப்பர் சுபாசிச். அடுத்த ஆட்டத்தில் தொடைத் தசை இழுத்துக்கொண்ட பிறகும் வெளியேறாமல் நின்று ரஷ்யாவையும் வீழ்த்தினார். 2022இல் லிவாகோவிச் ஜப்பானின் மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். பிரேசிலின் முதல் பெனால்டியையும் அவரே தடுத்தார்.

அடிப்பவர்களின் மன உறுதியும் அப்படித்தான். டென்மார்க் ஆட்டத்தின் 116வது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை மோட்ரிச் கோட்டை விட்டார். சில நிமிடங்களிலேயே ஷூட் அவுட்டில் அதே கோல்கீப்பர் முன்னால் மறுபடியும் போய் நின்று கோல் அடித்தார். குரோஷிய அணியின் குணத்தை ஒரே காட்சியில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

சறுக்கல்களையும் சேர்த்துப் பாருங்கள்

உண்மையான ரசிகர் தோல்வியையும் தெரிந்து வைத்திருப்பார். யூரோ கோப்பையில் இதுவரை ஒரு நாக் அவுட் ஆட்டத்தைக்கூடக் குரோஷியா வென்றதில்லை. 2008 காலிறுதியில் துருக்கிக்கு எதிராக 119வது நிமிடத்தில் கிளாஸ்னிச் கோல் அடித்தபோது வெற்றி கையில் இருந்தது. கடைசி நொடியில் துருக்கி சமன் செய்து பெனால்டியில் வென்றது. 2018இல் ஸ்பெயினிடம் ஆறு கோல் வாங்கிய நாளும் உண்டு. 2016 யூரோவில் செக் குடியரசுக்கு எதிராக முன்னிலையில் இருந்தபோது, சொந்த ரசிகர்களே தீப்பந்தங்களை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்த ஆட்டம் 2-2 என முடிந்தது. அந்தச் சட்டையைப் போற்றுகிறவர்கள் அந்த நாளையும் மறக்கக் கூடாது.

2018 இறுதி ஆட்டத்தில் பிரான்ஸிடம் 2-4 எனத் தோற்றபோது பந்து பெரும்பாலும் குரோஷியாவிடம்தான் இருந்தது. ஆனால் உலகக் கோப்பை இறுதி வரலாற்றின் முதல் சேம் சைடு கோலும், வீடியோ உதவியோடு தரப்பட்ட முதல் பெனால்டியும் அவர்களுக்கு எதிராகவே போயின. தோற்று வந்த அணியை வரவேற்க ஸாக்ரெப் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள்.

இப்போது எப்படி இருக்கிறது அணி?

2023 நேஷன்ஸ் லீக்கில் நெதர்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 4-2 என வென்றது குரோஷியா. இறுதியில் ஸ்பெயினிடம் பெனால்டியில் தோற்றது. 2024 யூரோவில் முதல் சுற்றே எல்லை. இத்தாலிக்கு எதிராக 98வது நிமிடத்தில் வாங்கிய கோல் கதையை முடித்தது. 2025 மார்ச்சில் ஸ்பிளிட் நகரத்தில் பிரான்ஸை 2-0 என வென்று, பாரிஸில் அதே கணக்கில் தோற்று, மறுபடியும் பெனால்டியில் விழுந்தது. உலகக் கோப்பையில் கைகொடுக்கும் பெனால்டி அதிர்ஷ்டம் மற்ற கோப்பைகளில் கைவிட்டுவிடுகிறது.

2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் எட்டு ஆட்டங்களில் ஏழு வெற்றி, ஒரு டிரா. அடித்த கோல் 26, வாங்கியது 4. எதிரணிகள் பெரியவை அல்ல என்பது உண்மைதான். ஆனால் 2025 நவம்பரில் ஃபாரோ தீவுகளிடம் முதலில் கோல் வாங்கிவிட்டு 3-1 என வென்றதும், மாண்டினீக்ரோவிடம் 0-2 எனப் பின்தங்கி 3-2 என வென்றதும் பழைய குணம் போகவில்லை என்பதைக் காட்டின.

புரோசோவிச் விடைபெற்றுவிட்டார். 2018 அணியில் ஆடிய ராக்கிடிச்சும் மாண்ட்ஸுகிச்சும் அதற்கு வெகுமுன்பே போய்விட்டார்கள். இப்போது பார்க்க வேண்டியவர் யோஷ்கோ குவார்டியோல். தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே மேலேறிக் கோல் அடிக்கும் துணிச்சல்காரர். நடுக்களத்தில் பேட்டர் சூசிச், லூகா சூசிச், மார்ட்டின் பட்டூரினா ஆகிய இளைஞர்கள் வந்துவிட்டார்கள். மோட்ரிச்சின் இடத்தை ஒருவர் நிரப்ப முடியாது; மூன்று பேர் பங்குபோட்டு நிரப்புவார்களா என்பதுதான் அடுத்த சில ஆண்டுகளுக்கான கேள்வி.

எங்கே தொடங்கலாம்?

புதியவர்கள் மூன்று ஆட்டங்களை இந்த வரிசையில் பார்க்கலாம். முதலாவது, 2018இல் அர்ஜென்டினாவை 3-0 என வீழ்த்திய ஆட்டம். 80வது நிமிடத்தில் எதிரில் நிற்கும் ஓட்டமெண்டியை இடமும் வலமுமாக அசைத்துவிட்டுத் தொலைவிலிருந்து மோட்ரிச் அடித்த கோலுக்காக. இரண்டாவது, 1998 ஜெர்மனி ஆட்டம். முதல் தலைமுறையின் துடிப்புக்காக. மூன்றாவது, 2022 பிரேசில் ஆட்டம். இதை மட்டும் சுருக்கக் காணொளியில் பார்க்காதீர்கள். 120 நிமிடமும் பாருங்கள். சுருக்கத்தில் கோல்கள் இருக்கும், குரோஷியா இருக்காது.

2026 உலகக் கோப்பையில் இங்கிலாந்து, கானா, பனாமா ஆகிய அணிகளோடு ஒரே பிரிவில் குரோஷியா சேர்க்கப்பட்டது. மோட்ரிச் 2025 செப்டம்பரிலேயே நாற்பதைத் தொட்டுவிட்டார். அவர் களத்தில் இருக்கும் எந்த ஆட்டத்தையும் தவறவிடாதீர்கள். ஸ்கோர் 0-0 என்று இருந்தால் சேனலை மாற்றாதீர்கள்.