இந்திர விழாவும் கடற்றுறை வரலாறும்

வல்வெட்டித்துறை முத்துமாரியம்மன் கோயிற் பெருவிழா சித்திரைப் பூரணையன்று தீர்த்தத்தோடு நிறைவெய்தும். அன்றிரவு ஊர் முழுவதும் இந்திர விழாக் கோலம் பூணும். வீதிதோறும் பந்தரும் தோரணமும் விளக்கொளியும் நிறையும். இசையும் கூத்தும் நெடுநேரம் நிகழும். புகார் நகரில் இந்திரனுக்கு எடுத்த விழாவும் சித்திரைப் பூரணையை ஒட்டியதே என்பதைச் சிலப்பதிகாரம் கற்றோர் அறிவர். ஆகவே இவ்விரண்டையும் ஒருங்குவைத்துப் பேசுதல் வடமராட்சியில் வழக்காயிற்று. அதுவும் துறை, இதுவும் துறை. அங்கும் நாவாய், இங்கும் நாவாய் என இவ்வொப்புமை வளர்ந்து செல்லும்.

கேட்பதற்கு இனிய ஒப்புமைதான். ஆயினும் நாளும் பெயரும் ஒத்திருத்தல் ஒன்றுகொண்டே புகார் விழா இடையறாது தொடர்ந்து வல்வையில் வாழ்கின்றது என்று துணிதல் ஆராய்ச்சி நெறியாகாது. காப்பியப் பயிற்சியுடைய கோயிலார் பழம்பெயரொன்றை விரும்பித் தம் விழாவிற்குச் சூட்டியிருத்தலும் கூடுமன்றோ? அங்ஙனம் சூட்டியிருப்பினும் அதனால் விழாவிற்கு இழுக்கில்லை. தம்மைக் கடலோடிகள் என்று உணர்ந்த மக்கள் தமிழிலக்கியம் முழுவதிலுமிருந்து தெரிந்தெடுத்த பெயர் இதுவென்றால், அத்தெரிவே பெருமைக்குரியது. ஆராயப்பட வேண்டியது வேறொன்று. பெயரைக் கொண்டவர்கள் அப்பெயரோடு காப்பியம் பிணைத்து வைத்த பொருளையும் கொண்டார்களா என்பதே அது.

மணிமேகலை விழாவறை காதையோடு தொடங்குகின்றது. விழா எடுக்கத் தவறினாற் பூதங்கள் இடர் செய்யும் என்ற அச்சமும் அங்கேயே சொல்லப்படுகின்றது. பின்னர் இருபத்தைந்தாங் காதையில், மணிபல்லவத்தில் நின்று, புகார் கடல்கொண்ட செய்தியைத் தீவதிலகை மணிமேகலைக்கு உரைக்கின்றாள். விழா மறக்கப்பட்டது, தெய்வம் சினந்தது, நகர் அழிந்தது. மேடைகளிலும் வகுப்பறைகளிலும் இக்கதை பெரும்பாலும் இவ்வளவிலே நின்றுவிடும். கடமை தவறிய அரசனும் அவன் பெற்ற தண்டமும் என அது ஓர் எளிய நீதிக்கதையாகிச் சுருங்குகின்றது.

சாத்தனார் சொன்னது அவ்வளவன்று. அரசன் விழாவை ஏன் மறந்தான்? நாகநாட்டரசன் மகள் பீலிவளை தான் பெற்ற சோழன் மகவை மணிபல்லவத்தில் வணிகன் கம்பளச்செட்டியின் கையிற் கொடுத்து அனுப்புகின்றாள். அன்றிரவே அம்மரக்கலம் கரையருகே உடைகின்றது. உயிர் தப்பியோர் வந்து அரசனிடம் சொல்ல, மகவைத் தேடி அலையும் துயரில் அவன் விழாவை மறக்கின்றான். ஆகவே புகாரின் அழிவுக்கு மூலம் அரசனின் செருக்குமன்று, சோம்பலுமன்று. இரவில் உடைந்த ஒரு கப்பலும் கரைசேராத ஒரு குழந்தையுமே. கடற்றுறையின் பெருவிழாவையும் கடற்றுறையின் பெருந்துயரையும் புலவர் ஒரே கயிற்றாற் பிணைத்துள்ளார். விழாவைக் கொண்டாடுவோர் இத்துயரையும் உடன் நினையாவிடின் காப்பியத்திற் பாதியையே எடுத்துக்கொண்டவராவர்.

கப்பல் உடைதல் இக்காப்பியத்தில் இவ்வோரிடத்தில் மட்டும் வருவதன்று. சாதுவன் சென்ற கலமும் உடைகின்றது; முறிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு அவன் நாகர் வாழ் மலைப்பக்கம் ஒதுங்குகின்றான். ஆபுத்திரனின் கலம் உடையவில்லை. ஆனால் அவன் மணிபல்லவத்தில் இறங்கி நின்றபோது, அவன் ஏறிவிட்டான் என்று கருதி அவனை விட்டுச் சென்றுவிடுகின்றது. அவன் அங்கேயே உயிர் துறக்கின்றான். கடலோரத் தெய்வமாகிய மணிமேகலா தெய்வத்தின் பெயரைத் தலைவிக்குச் சூட்டிய நூலில் மரக்கலங்களின் வெற்றிச் செலவைக் காட்டிலும் இழந்தோர், தவறவிடப்பட்டோர், காத்திருந்தோர் ஆகியோரின் வரலாறே மிகுதி.

மணிபல்லவம் நயினாதீவே என்பார் பலர். அது முடிந்த முடிபன்று. வேறிடம் கூறுவாரும் உளர். ஆயினும் அத்தீவின் நாகபூஷணி அம்மன் கோயிலிற் கிடைத்த கல்வெட்டொன்று இவ்விடத்தில் நோக்கற்பாலது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது; தமிழில் அமைந்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து கூடவேண்டும் என்றும் அவர்கள் காக்கப்படவேண்டும் என்றும் அது கூறுகின்றது. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. அதன்பின் உடைந்த கலங்களைப் பற்றிய விதி வருகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் கெட்டால் நாலிலொன்று பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிகப் பொருள் ஏற்றிய கலம் கெட்டாற் பாதிக்குப் பாதி. யானை குதிரைக்கு அரசன் காட்டிய சலுகையின் காரணம் வெளிப்படை. படைக்கு வேண்டியவை அவையல்லவா?

வடபுலக் கடல் வரலாறு பேசுவோர் இக்கல்வெட்டைத் துறைமுகச் செழிப்புக்குச் சான்றாக எடுத்தாளுவர். அது பொருந்தும். ஆனால் கல்லிற் பொறித்து வைக்குமளவுக்குக் கலங்கள் இக்கரையில் உடைந்தன என்பதற்கும் அது சான்றே. காப்பியம் துயரமாகப் பாடியதை அரசாணை பங்கீடாக எழுதிற்று.

இனி நமக்கு அண்மைய காலத்துக்கு வருவோம். வல்வெட்டித்துறையின் கடற்புகழ் பேசப்படும் இடமெல்லாம் முதலில் வருவது அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல். இவ்வூரிற் கட்டப்பட்டு, ஏறத்தாழ எண்பத்தொன்பது அடி நீளமுடையதாய் விளங்கிய இக்கப்பலை 1930களில் அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். சிறு பாய்க்கலமொன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்து, அதனை நூலாகவும் எழுதிப் பெயர் பெற்றவர் அவர். தம் மனைவியின் பெயரால் கப்பலுக்குப் ‘புளோறன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் மாற்றினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகளும் அதனைச் செலுத்திச் சுயெஸ் கால்வாயைக் கடந்து, ஜிப்ரோல்ற்றர் வழியாக அத்திலாந்திக்கில் இறங்கி, பேர்மியூடாவைத் தொட்டு, 1938 ஆகஸ்டு 1 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறையை அடைந்தனர்.

இது பெருஞ்செயலே. பாயையும் காற்றையும் நம்பி அம்மாலுமிகள் கடந்த தொலைவை எண்ணினால் வியப்பு மேலிடும். ஆனால் இச்செயல் போற்றப்படும் முறையில் ஒரு குறையுண்டு. அமெரிக்கர் வாங்கினார், அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின, அமெரிக்கத் துறையிற் கூட்டம் திரண்டது என்பவற்றையே புகழுரைகள் அடுக்கிச் செல்கின்றன. பிறர் தந்த நற்சான்றிதழைக்கொண்டு ஒரு மரபை அளப்பது எவ்வகை அளவை? அக்கப்பலை றொபின்சன் காணாதிருந்தால், அது வழக்கம்போல நெல்லும் அரிசியும் ஏற்றி வங்கக் கடலில் ஓடிக்கொண்டிருந்தால், அதன் ஏராவின் உறுதியும் அணியத்தின் வடிவும் ஒரு சிறிதேனும் குறைந்திருக்குமா? அன்னபூரணியோடொத்த கப்பல்கள் வேறும் அத்துறையிற் கட்டப்பட்டன. அவை விற்கப்படவில்லை என்பதனாலேயே பேசப்படவில்லை. சோறு தரும் தெய்வத்தின் பெயரை நீக்கி ஒரு செல்வச் சீமாட்டியின் பெயரை எழுதியதையும் புகழுரைகள் தயக்கமின்றிப் பெருமையாகவே சொல்லிவிடுகின்றன. ஒருகணம் நின்று எண்ணியிருக்கலாம்.

ஓடாவிமாரின் அறிவு எழுதப்பட வேண்டிய இடம் இது. அவர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக் கட்டியவர்களல்லர். கண்ணளவும் கைமுழமும் தலைமுறை நினைவுமே அவர்தம் சாத்திரம். தமிழில் கப்பல் சாத்திரம் என்னும் சுவடிநூலே உண்டு; சென்னை அரசாங்கச் சுவடி நிலையம் 1950 இல் அதனை அச்சிட்டது. மரத்தின் அளவையும் அவ்வளவால் விளையும் நன்மை தீமையையும் அது பேசுகின்றது. அதிலுள்ள சொற்களை வடமராட்சி ஓடாவிமாரின் சொற்களோடு ஒப்பிட்டு ஒரு மாணவர் அகராதி தொகுப்பாராயின், பத்து வாழ்த்துரைகளிலும் அது பயன் மிக்கது.

சோழகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும் என்று கணித்துக் கப்பல் விட்ட அன்றாட வாணிகமும் இவ்வாறே ஒதுக்கப்படுகின்றது. இரங்கூனிலும் அக்கியாப்பிலுமிருந்து அரிசி வந்தது. சோழமண்டலத் துறைகளோடும் மலையாளக் கரையோடும் கொள்வினை கொடுப்பினை நிகழ்ந்தது. 1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வழி அடைபட்டது. நாடுகள் சுதந்திரமடைந்தபின் கடவுச்சீட்டும் சுங்கமும் இறுகவே, பாட்டன் வாணிகமென்று ஓடிய அதே நீர்வழி பேரனுக்குக் கள்ளக்கடத்தலாயிற்று. கடல் மாறவில்லை, சட்டம் மாறிற்று. இப்பகுதியை நாணத்தாலோ அச்சத்தாலோ விழா மலர்கள் தாண்டிச் செல்கின்றன. ஊர் வரலாறு எழுதுவோர் அதனை மறைக்கவும் வேண்டா, வீரமாக்கவும் வேண்டா; நடந்தபடி எழுதினாற் போதும்.

மேலே குறித்த குளோஸ்ரர் நகரமும் கடலால் வாழ்ந்த ஊரே. அந்நகரம் தொடங்கி முந்நூறாண்டு நிறைந்ததை நினைவுகூர அங்குள்ளோர் செய்த பணிகளுள் ஒன்று, சுக்கானைப் பிடித்துக் கடலை நோக்கி நிற்கும் மீனவனின் வெண்கலச் சிலை. 1925 இல் அது நிறுவப்பட்டது. அன்னபூரணி அத்துறைக்குட் புகுந்த நாளில் அச்சிலை அங்கே நின்றது. பிற்காலத்தில், கடலுக்குச் சென்று மீளாத ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் அதனருகே வெண்கலத் தகடுகளிற் பொறிக்கப்பட்டன. ஆண்டுதோறும் அவர்களை நினைந்து மலர்களைக் கடலில் இடும் வழக்கமும் அங்குண்டு. வென்ற கப்பலொன்றைப் பாடாமல், மீளாதவர் ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி அழைப்பதையே அவ்வூர் தன் கடல் வரலாற்றின் நடுவில் வைத்துள்ளது.

வல்வையின் மாலுமிகள் சென்றடைந்த ஊரைப் பற்றி இத்துணை எழுதியவர்கள் அவ்வூரின் இவ்வழக்கத்தை நோக்காமை வியப்பே. வடகரைக்குப் பெயர்ப்பட்டியல் வேண்டாமா? புயலில் இறந்தோர், 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கொண்டுசென்றோர், போர்க்காலத்திற் கடலுக்குப் போய் என்னவானார் என்று இன்றுவரை தெரியாதோர் என அப்பட்டியல் நீளும். பெயரும் ஊரும் போன நாளும் வீட்டார் வாயிலிருந்தே பெறத்தக்கவை. முதியோர் உள்ளபோதே அவற்றைத் திரட்டுதல் வேண்டும். சித்திரைப் பூரணை விழாவின் ஆயிரம் விளக்குகளுக்கிடையே அப்பெயர்களைப் படிக்கச் சிறிது நேரம் ஒதுக்கினால் விழாவின் பொலிவு குன்றாது.

குளோஸ்ரரில் 2001 இல் மற்றொரு சிலையும் எழுந்தது. அது கரையிற் காத்திருந்த மீனவர் மனைவியர்க்கு எடுத்தது. தமிழ்க் காப்பியம் அவ்விடத்துக்கு முன்னரே சென்றுவிட்டது. சாதுவன் இறந்தான் என்று தப்பிவந்தோர் சொல்லக் கேட்ட ஆதிரை தீயிற் புகுந்தாள்; தீ அவளைச் சுடவில்லை. அவன் உயிரோடுள்ளான், மீள்வான் என்று வானொலி கூற, அவள் வீடு திரும்பிக் காத்திருந்தாள். அவனும் சந்திரதத்தனின் கலத்தில் வந்து சேர்ந்தான். பின்னர் மணிமேகலை அமுதசுரபியை ஏந்திப் புகார் வீதியில் நின்றபோது, அதில் முதற் பிச்சை யாரிடம் பெறுவது என்ற வினா எழுந்தது. அரசமாதேவியர் இருந்தனர், பெருங்குடிச் செல்வர் மகளிர் இருந்தனர். காயசண்டிகை காட்டியது ஆதிரையின் மனையை.