மெயில் வராத போனும் வாய் திறக்காத ஆப்பும்

லேப்டாப்பில் வெப்மெயில் ஒழுங்காகத் திறக்கிறது. காலையில் வந்த மெயில்கள் வரிசையாக நிற்கின்றன. அதே கணக்கு போனில் மட்டும் நேற்றிரவோடு உறைந்து கிடக்கிறது. விரலால் கீழே இழுத்தால் வட்டம் சுற்றுகிறது, சுற்றி ஓய்கிறது, கடைசியில் 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்று ஒரு வரி. பாஸ்வேர்டை மறுபடி போட்டுப் பார்ப்பது, கணக்கை அழித்துவிட்டுச் சேர்ப்பது, போனை அணைத்துப் போடுவது என்று ஒரு மணி நேரம் போய்விடும். சொந்தமாக மெயில் சர்வர் நடத்துகிறவர்களைக் கேட்டால் இந்த ஒரு மணி நேரத்தின் கதை எல்லோரிடமும் இருக்கும்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் சான்றிதழ், பாஸ்வேர்டு, ரவுட்டர், பேட்டரி என்று எது வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம். அதனால் இந்த ஒப்பீட்டில் ஆப்களுக்கு மதிப்பெண் ஒரே ஒரு குணத்துக்குத்தான்: பழுது வந்தால் உள்ளதைச் சொல்கிறதா, பூசி மெழுகுகிறதா? அழகும் ஸ்வைப் வசதியும் மெயில் வந்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள்.

களம் எளிமையானது. வாடகைக்கு எடுத்த ஒரு டெபியன் சர்வர். மெயிலை அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்ஃபிக்ஸ். வந்த மெயிலை ஐமேப் வழியாகப் போனுக்குக் காட்ட டவ்காட். எதிரே ஐந்து ஆப்கள்: ஆண்ட்ராய்டில் ஃபேர்இமெயில், தண்டர்பேர்டு, ஜிமெயில், ஐபோனில் ஆப்பிள் மெயில், இரண்டு பக்கமும் அவுட்லுக். சர்வரை ஒவ்வொரு முறையும் ஒரு விதத்தில் வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, போன் என்ன சொல்கிறது என்று பார்ப்பதுதான் முறை.

முதல் சாட்சி, லாக்

ஆப்களுக்கு முன்னால் விசாரிக்க வேண்டிய சாட்சி டவ்காட்டின் லாக். சர்வரில் அதை ஓடவிட்டுக்கொண்டே போனில் ரிஃப்ரெஷ் செய்தால் மூன்றில் ஒன்று நடக்கும். ஒரு வரிகூட விழாவிட்டால், போன் சர்வரின் வாசலுக்கே வந்து சேரவில்லை. டிஎன்எஸ், ஃபயர்வால், போர்ட் எண் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 'நோ ஆத் அட்டெம்ப்ட்ஸ்' என்று விழுந்தால், வாசல்வரை வந்து பாஸ்வேர்டைக் கொடுக்காமலே திரும்பியிருக்கிறது. பெரும்பாலும் சான்றிதழ்ச் சிக்கல். 'ஆத் ஃபெயில்ட்' என்று விழுந்தால் மட்டுமே பாஸ்வேர்டையோ, யூசர்நேம் முழு மெயில் முகவரியா வெறும் பெயரா என்பதையோ சந்தேகிக்க வேண்டும்.

போர்ட் விஷயத்தில் ஒரு பழைய பொறி உண்டு. 993-க்கு நேரடி டிஎல்எஸ், 143-க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ். மெயில் அனுப்ப 465, 587 என இதே மாதிரி இன்னொரு ஜோடி. 993 போட்டுவிட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று தேர்ந்தெடுத்தால், சர்வர் முதலில் பேசட்டும் என்று ஆப்பும், ஆப் முதலில் பேசட்டும் என்று சர்வரும் காத்துக்கிடக்கும். திரையில் தெரிவது வட்டம் மட்டும்.

அறுந்த சங்கிலி

முதல் பழுது சான்றிதழில். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் கோப்புகளில் 'செர்ட்' என்பதில் சர்வரின் சான்றிதழ் மட்டும் இருக்கும். 'ஃபுல்செயின்' என்பதில் அதற்குக் கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்திருக்கும். டவ்காட்டுக்கு முதல் கோப்பைக் கொடுத்துவிட்டால் சங்கிலியில் ஒரு கண்ணி குறைந்துவிடும். விடுபட்டதை ஆப்பிளின் இயங்குதளம் தானே தேடி எடுக்கப் பார்க்கும், ஆண்ட்ராய்டு தேடாது. 'ஐபோனில் வருகிறது, ஆண்ட்ராய்டில் வரவில்லை' என்ற புகார் வந்தால் முதலில் தட்ட வேண்டிய கதவு இது. வெப்மெயிலுக்கோ ஒன்றும் ஆகாது. அது பெரும்பாலும் அதே கணினிக்குள்ளேயே டவ்காட்டுடன் பேசுவதால், இந்தச் சான்றிதழை யாரும் அங்கே கேட்பதில்லை.

இங்கே ஃபேர்இமெயில் தனித்து நின்றது. சங்கிலி நம்பகமான வேர்வரை எட்டவில்லை என்ற ஆண்ட்ராய்டின் மூலப் பிழை வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டது. படிக்க அழகாக இல்லை. ஆனால் நகலெடுத்துத் தேடினால் ஐந்து நிமிடத்தில் விடை. தண்டர்பேர்டு சான்றிதழின் விவரங்களையும் கைரேகை எண்ணையும் காட்டி, ஏற்கிறீர்களா என்று கேட்டது. நல்ல கேள்விதான், ஆனால் அவசரத்தில் 'சரி' போட்டுவிட்டால் அடுத்த புதுப்பிப்பில் கைரேகை மாறி, அதே வம்பு மறுபடி வரும். ஜிமெயில் ஆப், சான்றிதழ் சரியில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டது. அந்த நேரத்தில் சர்வர் லாக்கில் எஸ்எஸ்எல் அலர்ட் எண் 46 அல்லது 48 விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்: மறுத்தது சர்வர் அல்ல, போன்.

இதற்கு ஒரு தம்பிப் பழுதும் உண்டு. செர்ட்பாட் சான்றிதழைத் தானாகப் புதுப்பித்துக் கோப்பை மாற்றி வைத்துவிடும். டவ்காட்டோ ரீலோடு செய்யும்வரை நினைவில் இருக்கும் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். 90 நாள் சான்றிதழை 30 நாள் மிச்சமிருக்கும்போது புதுப்பிப்பது செர்ட்பாட்டின் வழக்கம் என்பதால், எல்லாம் நலம் என்று நினைத்த ஒரு மாதம் கழித்து வீட்டிலுள்ள அத்தனை போன்களும் ஒரே நாளில் நிற்கும். லாக்கில் அலர்ட் எண் 45. காலாவதி நெருங்குகிறது என்று மெயிலில் எச்சரிக்கும் சேவையை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2029 மார்ச் முதல் 47 நாட்களாகச் சுருங்கப்போகிறது. புதுப்பித்தவுடன் டவ்காட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் ரீலோடு செய்யும் ஒரு வரியை செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் எழுதி வைத்தால் இந்தக் கதை முடிந்தது.

வீட்டில் வரும், தெருவில் வராது

வைஃபையில் சரி, மொபைல் டேட்டாவில் மட்டும் வராது என்றால் டிஎன்எஸ்ஸில் ஐபிவி6 முகவரி கொடுத்துவிட்டு, சர்வரில் அந்தக் கதவைத் திறக்காமல் விட்டிருக்கலாம். ஜியோ போன்ற வலைகளில் ஐபிவி6 பரவலாக ஓடுவதால் போன் முதலில் அந்த வாசலில்தான் போய்த் தட்டும். தலைகீழாக, வெளியே சரி, வீட்டு வைஃபையில் மட்டும் வராது என்றால் சர்வர் அநேகமாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே இருந்து வெளி முகவரிக்குப் போய்த் திரும்பி உள்ளே வரும் பாதையை ரவுட்டர் அனுமதிக்கவில்லை. இந்த இரண்டிலும், போனிலிருந்து நேராக சர்வருக்குப் போகும் ஆப்களுக்குச் சொல்ல எதுவுமில்லை. பதில் வரவில்லை என்பதுதான் அவற்றுக்குத் தெரிந்த உண்மை.

பாஸ்வேர்டு மாற்றியபோது நடந்தது இன்னும் வேடிக்கை. அலமாரியில் சார்ஜரோடு கிடந்த பழைய டேப்லெட் ஒன்று, பழைய பாஸ்வேர்டோடு சர்வரை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. டவ்காட்டுக்கும் காவல் போட்டிருந்த ஃபெயில்2பேன், இயல்பு அமைப்பின்படி 10 நிமிடத்துக்குள் 5 தவறுகளை எண்ணி, அந்த முகவரியை 10 நிமிடத்துக்குத் தடுத்தது. வீட்டின் எல்லாக் கருவிகளும் வெளியே போவது அதே ஒரு முகவரியில். சரியான பாஸ்வேர்டு வைத்திருந்த போனுக்கும் கதவு சாத்தப்பட்டது. தடை நீங்கியதும் டேப்லெட் மறுபடி தட்டியது. போன் மட்டும் பார்ப்பவருக்கு, மெயில் சில நிமிடம் வந்து சில நிமிடம் மறைவதாகத் தோன்றும்.

உடனே வர என்ன விலை?

இணைப்பு சரியாக இருந்தும் மெயில் தாமதமாக வருவது தனிப் புகார். 1997-ல் வரையறுக்கப்பட்ட 'ஐடில்' என்ற ஐமேப் வசதி, இணைப்பைத் திறந்தே வைத்து, மெயில் வந்ததும் சர்வரே குரல் கொடுக்க வழி செய்கிறது. ஃபேர்இமெயிலும் தண்டர்பேர்டும் இதைப் பயன்படுத்தும். அதற்கு விலையாக அறிவிப்புப் பட்டையில் நிரந்தரமாக ஒரு ஐகான் உட்கார்ந்திருக்கும். பேட்டரிச் சிக்கனத்திலிருந்து ஆப்புக்கு விலக்கும் தர வேண்டும். ஜிமெயில் ஆப் வெளிக் கணக்குகளை 15 நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் எட்டிப் பார்க்காது. சொந்த சர்வர் என்றால் ஆப்பிள் மெயிலுக்கும் அதே 15 நிமிடம்தான், லோ பவர் மோடில் அதுவும் இல்லை. இவற்றில் சர்வரை நோண்டிப் பயனில்லை.

ஐடில் பக்கமும் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். டவ்காட் இயல்பாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை 'இன்னும் இருக்கிறேன்' என்று குரல் கொடுத்துப் போனை எழுப்பும். இடைவெளியைக் கூட்டினால் பேட்டரி மிச்சம். ஒரே பயனர் ஒரே முகவரியிலிருந்து 10 இணைப்புகளுக்கு மேல் வைத்திருக்கவும் அது விடாது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் புஷ் போட்டால் ஒவ்வொன்றும் ஓர் இணைப்பு. போன், டேப்லெட், லேப்டாப் சேர்ந்தால் 10 எளிதில் தீர்ந்துவிடும். இன்பாக்ஸுக்கு மட்டும் புஷ் போதும்.

ஃபேர்இமெயிலில் பழைய மெயிலைக் காணோம் என்று பதறுகிறவர்களும் உண்டு. கடைசி 7 நாள் மெயிலை மட்டும் சர்வரோடு ஒத்துப்பார்த்து, 30 நாள் வரை போனில் வைப்பது அதன் இயல்பு அமைப்பு. மெயில் எங்கும் போகவில்லை, சர்வரில் இருக்கிறது.

தரகர் வைத்த ஆப்

அவுட்லுக்கின் கதை வேறு. சர்வர் லாக்கில் விழுவது போனின் முகவரி அல்ல, மைக்ரோசாஃப்ட்டின் முகவரி. ஐமேப் கணக்கின் பாஸ்வேர்டை அந்நிறுவனத்தின் கிளவுட் வாங்கிக்கொண்டு, அதுவே சர்வரில் நுழைந்து மெயிலை எடுத்துத் தருகிறது. விபிஎன்னுக்குள் ஒளித்து வைத்த சர்வரை இந்தத் தரகரால் எட்ட முடியாது. போனில் விபிஎன் ஓடினாலும் பலனில்லை. மெயில் வெளியார் கையில் இருக்கக் கூடாது என்பதற்காகவே சர்வர் வைத்தவர்கள் இதை ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பார்கள்.

ஆக, முதலிடம் ஃபேர்இமெயிலுக்கு. நெதர்லாந்தின் மார்செல் போக்ஹோர்ஸ்ட் எழுதும் இந்த ஆப்பில் அமைப்புகள் ஒரு காடு. முதல் நாள் தலை சுற்றும். ஆனால் தனி லாக் திரையும், சர்வர் சொன்னதை மாற்றாமல் காட்டும் பழக்கமும் பழுது பார்க்கிறவருக்கு வரம். இரண்டாமிடம், கே-9 மெயிலை அடித்தளமாகக் கொண்டு 2024 அக்டோபரில் வந்த தண்டர்பேர்டுக்கு. பிழைத்திருத்த லாக்கை இயக்கி ஏற்றுமதி செய்யும் வசதி அதிலும் உண்டு, திரையும் எளிது. ஆப்பிள் மெயில் அன்றாடத்துக்குப் போதும், பழுது வந்தால் உதவாது. ஜிமெயில் அதற்கு அடுத்து.

சோதனை முடிந்தபோது சர்வரைப் பார்த்துக்கொள்பவரின் போனில் ஃபேர்இமெயிலும், வீட்டில் மற்றவர்களின் ஆண்ட்ராய்டு போன்களில் தண்டர்பேர்டும் தங்கின. அலமாரி டேப்லெட்டிலிருந்து மெயில் கணக்கு நீக்கப்பட்டது.